வரம் கேட்க வந்தோமா?

திங்கட்கிழமை காலை. நகராட்சி அலுவலகத்தின் தாழ்வாரம். எந்த ஊர் என்று கேட்க வேண்டாம். தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் இந்தக் காட்சி உண்டு. முதியவர் ஒருவர் நிற்கிறார். தோளிலே கிடக்க வேண்டிய துண்டு கக்கத்திலே ஒடுங்கிக் கிடக்கிறது. கையிலே நான்காய் மடித்த தாள். அவர் குடியிருக்கும் தெருவிலே சாக்கடை அடைத்துக் கழிவுநீர் வாசற்படி ஏறிவிட்டது; பேரக் குழந்தைக்குக் காய்ச்சல். அதைச் சொல்ல வந்திருக்கிறார். தாளை வாங்கிப் பார்த்தோம். 'கருணை உள்ளம் கொண்ட அய்யா அவர்களின் திருவடிகளுக்கு' என்று தொடங்கி, 'தயை கூர்ந்து அடியேன் குடும்பத்தைக் காத்தருள வேண்டுமாய்' என்று முடிந்திருந்தது.

சாக்கடை அள்ளச் சொல்லும் தாளா இது? சந்நிதியிலே படிக்கும் தோத்திரமா?

அவராக எழுதியதில்லை. வாசலிலே மேசை போட்டு அமர்ந்திருக்கும் மனு எழுத்தர் எழுதியது. எழுத்தரைக் குறை கூறிப் பயனில்லை. இப்படி எழுதினால்தான் உள்ளே இருப்பவரின் உள்ளம் இளகும் என்று அனுபவம் அவருக்குக் கற்பித்திருக்கிறது. ஆனால் கேளுங்கள், தோழர்களே! முதியவர் சொத்துவரி கட்டுகிறார். தண்ணீர் வரி கட்டுகிறார். கழிவுநீருக்கும் கட்டணம் கட்டுகிறார். அலுவலகத்திலே சுழலுகின்ற விசிறியும், அதன் கீழே அமர்ந்திருப்பவரின் ஊதியமும், தலைவர் ஏறி வரும் ஊர்தியும், அந்த ஊர்தியிலே சிவப்பாய் எழுதியிருக்கும் பதவியின் பெயரும் அவர் போன்றோர் தந்த காசு. தந்தவன் தாழ்வாரத்திலே! பெற்றவன் நாற்காலியிலே! தந்தவன் 'அடியேன்'! பெற்றவன் 'அய்யா'! எங்கோ பார்த்த ஏற்பாடாக இல்லையா இது? உண்டியலிலே காசைப் போட்டுவிட்டு, வெளியே நின்று எட்டிப் பார்த்து, உள்ளேயிருந்து எறியப்படும் திருநீற்றை இரு கை ஏந்தி வாங்கும் ஏற்பாடு இதேதான்.

கோயிலிலே வளைந்து பழகிய முதுகு, நகரமன்றத்தின் வாசலிலும் நிமிர மறுக்கிறது. இதைத்தான் இந்த வாரம் நாம் பேச எண்ணுகிறோம். தெருவிளக்கு எரியவில்லை, குப்பை குவிகிறது, குழாயிலே கலங்கல் நீர் வருகிறது என்று ஏடுகள் நாள்தோறும் எழுதுகின்றன, எழுதட்டும். விளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்கும் நேரத்திலே, அதைக் கேட்கும் குரல் ஏன் இவ்வளவு தாழ்ந்து ஒலிக்கிறது என்றும் கேட்க வேண்டாமா?

பெயரிலிருந்தே தொடங்குவோம். மாநகராட்சித் தலைவரை 'வணக்கத்திற்குரிய மேயர்' என்று நெடுங்காலமாக அழைத்துப் பழகியிருக்கிறோம். வெள்ளைக்காரன் நாட்டிலே மேயருக்கு 'வொர்ஷிப்ஃபுல்' என்று ஓர் அடைமொழி உண்டு. அவன் அதைக் கொண்டுவந்தான். நாம் தமிழிலே பெயர்த்துக் கொண்டோம். மேயராக அமர்பவர் நல்லவராக இருக்கலாம், உழைப்பாளியாக இருக்கலாம், 2022 மார்ச் 4ஆம் நாள் சென்னையிலே அமர்ந்தவர் ஒடுக்கப்பட்ட குலத்திலே பிறந்த இளம்பெண். சென்னை மேயர் நாற்காலியிலே தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் ஒருவர் அமர்ந்தது அதுவே முதல் முறை. அந்த மாற்றத்தைக் கண்டு மகிழ்கிறோம். இன்னும் நூறு பேர் அவ்வாறு வர வேண்டும். மதிக்கிறோம் அனைவரையும். வணங்குவது எதற்கு? வணக்கத்திற்குரியவரிடம் யார் கணக்குக் கேட்பார்?

சென்னை நகராண்மைக் கழகம் பிறந்த கதையும் இளைஞர்கள் அறிய வேண்டியதே. 1687 டிசம்பர் 30ஆம் நாளிட்ட பட்டயத்தின்படி, 1688 செப்டம்பர் 29ஆம் நாள் அது தொடங்கப்பட்டது. இந்தியாவிலேயே பழைமையான நகராண்மை என்று பெருமை பேசுகிறோம். ஏன் தொடங்கினார்கள்? மக்களிடம் அன்பு பொங்கியா? இல்லை. நகரத்துக்கு ஆகும் செலவை நகர மக்களே வரியாகத் தர வேண்டும். தாமே விதித்துக் கொண்ட வரி என்று எண்ணினால் முணுமுணுக்காமல் தருவார்கள் என்பது கும்பெனியாரின் கணக்கு. வணிகனின் மூளை! ஆனால் அந்தக் கணக்கிலே ஓர் உண்மை ஒளிந்திருந்தது: வரி கொடுப்பவனைக் கேட்காமல் வரி வாங்க இயலாது என்பதைக் கொள்ளையடிக்க வந்தவனே ஒப்புக்கொண்டான். 1882இலே ரிப்பன் பிரபு தல சுயாட்சித் தீர்மானம் கொண்டுவந்தார். 1913இலே எழுந்த வெள்ளை மாளிகை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்நாளிலே வாக்குரிமை சொத்துள்ளவனுக்கும் வரி கட்டுபவனுக்கும் மட்டுமே. சேரியிலே இருந்தவனுக்கு ஏது வாக்கு?

அத்தகைய குறுகிய மன்றத்தையே நம் முன்னோடிகள் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சர். பிட்டி. தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த 1920ஆம் ஆண்டிலே, ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்க மன்றம் தீர்மானம் நிறைவேற்றிற்று. தலைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவு. பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்ற எளிய உண்மையை உணர வேதம் ஓத வேண்டியிருக்கவில்லை. தெருவைப் பார்த்தால் போதுமாயிருந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அந்தச் செலவைச் செய்யலாகாது என்று மேலே இருந்த அரசு மறுத்ததால் 1925 ஏப்ரலிலே அந்தச் சிற்றுண்டி நின்றது. இன்று நாடே வியக்கும் சத்துணவுக்கு விதை ஒரு நகரமன்றத்தின் தீர்மானப் புத்தகத்திலே கிடக்கிறது என்பதை மறவாதீர்கள்.

1924இலே இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்திலே கொண்டுவந்த தீர்மானமும் அப்படிப்பட்டதே. பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொதுக்குளம், பொது அலுவலகம் எதிலும் எந்த வகுப்பாரும் நடமாடத் தடையில்லை என்று அந்தத் தீர்மானத்தை ஏற்று அரசு ஆணையிட்டது. தெருவும் கிணறும் யார் பொறுப்பு? தல ஆட்சிகளின் பொறுப்பு. ஆகவே ஆணை போய்ச் சேர வேண்டிய இடமும் அதுவே. தீண்டாமை ஆகாயத்திலே இல்லை, தோழர்களே. தெருவிலே இருந்தது, குழாயடியிலே இருந்தது, சுடுகாட்டிலே இருந்தது. பெரியார், காங்கிரசிலே சேருமுன், ஈரோடு நகராட்சித் தலைவர் நாற்காலியிலே அமர்ந்து குடிநீர்க் குழாய்க்கு வழி தேடியவர். கடவுளைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே குழாயைப் பற்றிப் பேசியவர் அவர். குழாய் என்றால் சிறு காரியம், கொள்கை என்றால் பெருங்காரியம் என்று பிரித்துப் பார்க்கும் நம் இளைஞர் சிலர் இதைச் சற்றே சிந்திக்க வேண்டுகிறோம்.

1959ஆம் ஆண்டு வந்தது. நூறு இடங்கள் கொண்ட சென்னை மாமன்றத்திலே தி.மு. கழகம் 45 இடங்களை வென்று, அ.பொ. அரசு மேயரானார். கோட்டையைப் பிடிக்க எட்டாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. ரிப்பன் மாளிகை முதலிலே கைக்கு வந்தது. இட்லிக் கடையிலும் முடிதிருத்தகத்திலும் படிப்பகத்திலும் அரசியல் பேசியவர்கள், சிவப்புக் கம்பளத்தின் மீது நடந்தார்கள். அதைப் பெருமையுடன் நினைக்கிறோம்.

அதன் பிறகு நடந்ததை மறைத்து எழுத நமக்கு மனமில்லை. பகுத்தறிவு என்பது பிறர் வீட்டு அழுக்கை மட்டும் பார்க்கும் கண்ணாடி அன்று.

மஸ்டர் ரோல் ஊழல் வெடித்தது. வேலைக்கு வராதவர், உலகிலேயே இல்லாதவர் ஆகியோரின் பெயர்களைப் பதிவேட்டிலே எழுதிக் கூலி எடுத்த கொள்ளை அது. 1973இலே மாமன்றம் கலைக்கப்பட்டது. கொள்ளையடித்தவனைப் பிடித்துக் கூண்டிலே ஏற்றுவது சரி. மன்றத்தைக் கலைத்ததையும் அந்நேரத்துக்கு ஒத்துக் கொள்வோம். ஆறு திங்களிலே, போனால் ஓர் ஆண்டிலே, மறுபடியும் தேர்தல் நடந்திருக்க வேண்டாமா? நடந்தது 1996இலே! இருபத்து மூன்று ஆண்டுகள்! 1973இலே பிறந்த குழந்தை நடந்து, படித்து, மீசை முளைத்து, வேலை தேடும் வயதை எட்டிய பிறகுதான் தன் நகரத்துக்கு ஒரு மன்ற உறுப்பினரைக் கண்டது. இடையிலே ஆண்டவர் யார்? கழகங்களும், சில காலம் தில்லியின் ஆளுநரும். நகரத்தை ஆண்டவரோ தனி அலுவலர்! கடவுளை மறுத்தோம்; தனி அலுவலரை மறுத்தோமா? கண்ணுக்குத் தெரியாத ஆண்டவனிடம் 'உன்னை யார் தேர்ந்தெடுத்தார்?' என்று கேட்ட நாம், கண்ணெதிரே கையெழுத்திட்ட ஆண்டவனிடம் அதைக் கேட்க இருபத்து மூன்று ஆண்டுகள் மறந்து போனோம்.

பாடம் படித்தோமா? அதுவும் இல்லை. 2016 அக்டோபரிலே தமிழ்நாட்டின் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. இடஒதுக்கீட்டு வழக்கு, வார்டு வரையறை, அரசின் தயக்கம் என்று ஒன்றன்பின் ஒன்றாய்க் காரணங்கள் வரிசையில் நின்றன. நகரங்களுக்குத் தேர்தல் வந்தது 2022 பிப்ரவரி 19இலே. இடையிலே வந்தது கொரோனாக் கொள்ளைநோய்! தெருவை அடைத்தார்கள், கடையை அடைத்தார்கள், சாவுக்குக் கணக்கு எழுதினார்கள். இத்தனைக்கும் நடுவே 'எங்கள் தெருவின் உறுப்பினர் இவர்' என்று விரல் நீட்டிக் காட்ட நகரவாசிக்கு ஒருவர்கூட இல்லை. பின்னர் தேர்தல் வந்தபோது நகரவாசி என்ன செய்தான்? சென்னையிலே நூற்றுக்கு 44 பேர்கூட வாக்களிக்கவில்லை. ஆறாண்டு கேட்காமல் இருந்தவன், கேட்கும் நாள் வந்தபோதும் வீட்டிலேயே இருந்துவிட்டான். ஆளுவோரைக் கடியும் நாம் அவனையும் கடியத்தான் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. மூன்று இலட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரங்களிலே வார்டுக் குழுக்கள் இருக்க வேண்டும் என்றது. எப்படிப்பட்ட குழு? 'ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட வார்டுகளுக்கு' என்று ஒரு சொற்றொடர் அதிலே உண்டு. சட்டத்திலே ஊசி நுழையும் ஓட்டை இருந்தால் ஒட்டகத்தையே நுழைத்துவிடும் வல்லவர்கள் நம் ஆட்சியாளர்கள்! பத்துப் பன்னிரண்டு வார்டுகளை ஒன்றாய்க் கட்டி மண்டலம் என்று பெயரிட்டு, அந்த மண்டலத்தின் உறுப்பினர்களே கூடிப் பேசுவதை வார்டுக் குழு என்று கூறிவிட்டார்கள். மக்கள் எங்கே? வழக்கம்போல் தாழ்வாரத்திலே.

சிற்றூரிலே இருப்பவனுக்கு 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிராமசபை கிடைத்தது. குறிப்பிட்ட நாட்களிலே கூட வேண்டும். கணக்கை மக்கள் முன்னே படிக்க வேண்டும். கோவணம் கட்டிய உழவனும் எழுந்து 'இந்தப் பாலம் எங்கே?' என்று கேட்கலாம். கேட்கிறானா, கேட்க விடுகிறார்களா என்பது வேறு; கேட்கும் இடம் ஒன்று இருக்கிறது. பட்டம் பெற்றவன், பன்மொழி கற்றவன், நாகரிகத்தின் நடுவே வாழ்கின்ற நகரத்தானுக்கு அந்த இடம்கூட இல்லாமல் இருந்தது. 2010இலே அதற்கு ஒரு சட்டத் திருத்தம் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் விதியின்றி உறங்கிற்று. 2022இலே விதிகள் வந்தன. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள், உள்ளாட்சி நாளன்று, பகுதி சபைகள் கூடின. அன்றைய முதல்வர் மு.க. ஸ்டாலின் தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலிலே மக்களோடு அமர்ந்தார். நல்ல தொடக்கம் என்று பாராட்டினோம். இன்றும் அதைத் திரும்பப் பெறவில்லை.

ஆனால் ஏட்டைப் புரட்டிப் பாருங்கள். பகுதியின் வாக்காளர் அனைவரும் சபையிலே அமரலாம். நன்று! அந்தப் பகுதியின் சார்பிலே வார்டுக் குழுவிலே அமரும் பிரதிநிதியை யார் தேர்ந்தெடுப்பது? மக்களா? இல்லை, நியமனம்! வார்டுக் குழுவின் தலைவர் யார்? வார்டின் மன்ற உறுப்பினர். யாரைக் கேள்வி கேட்க வேண்டுமோ அவரே தலைமை. கேட்க வேண்டியவர் நியமனத்தால் வந்தவர். மாப்பிள்ளை வீட்டாரே பெண் வீட்டாரையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு சீர் பேசிய கதை! கருவறைக்குள்ளே போக உரிமை கேட்டால், 'போகலாம். ஆனால் யார் போவது என்பதை அர்ச்சகரே முடிவு செய்வார்' என்று கூறினால் நாம் ஏற்போமா? அதை ஏற்காதவர்கள் இதை மட்டும் ஏன் ஏற்கிறோம்?

'மக்களுக்கு என்ன தெரியும்? வரவு செலவுத் திட்டம் தெரியுமா? பொறியியல் தெரியுமா? கூட்டம் போட்டால் கூச்சல்தான் மிஞ்சும்' என்று அறிவாளி ஒருவர் குறுக்கிடுகிறார். அறிமுகமான குரல்! படிப்பதற்கு உனக்குத் தகுதி ஏது என்று கேட்ட குரல்; கோயிலுக்குள் வர உனக்கு மந்திரம் தெரியுமா என்று கேட்ட குரல்; பெண்ணுக்கு வாக்களிக்கத் தெரியுமா என்று நகைத்த குரல். மழைநீர் எந்த மூலையிலே தேங்குகிறது என்பதை வரைபடம் பார்த்து அறிகிறார் பொறியாளர். தன் அடுப்பு மூழ்கியதைப் பார்த்து அறிகிறாள் குடிசைப் பெண். வடிகாலை எந்த மட்டத்திலே அமைக்க வேண்டும் என்று முடிவெடுக்க இருவரும் வேண்டும். அவளுடைய அறிவைக் கேட்காமல் வடிகால் கட்டி, மழை வந்ததும் நீர் பின்னோக்கிப் பாய்ந்த தெருக்களைச் சென்னைவாசி எண்ணிக் காட்டுவான்.

'சரி, கேட்கட்டும், கேட்டால் நாங்கள் என்ன செய்ய முடியும்?' என்று மன்ற உறுப்பினர் கையை விரிக்கிறார். இதிலே ஓரளவு உண்மை இருக்கிறது, நேர்மையாக ஒப்புக்கொள்கிறோம். அரசியல் சட்டத்தின் பன்னிரண்டாவது அட்டவணை நகராட்சிகளுக்குப் பதினெட்டுத் துறைகளை எழுதி வைத்திருக்கிறது. சென்னையிலே குடிநீர் என்றால் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த தனி வாரியம்; குடிசை என்றால் 1970இலே தொடங்கிய இன்னொரு வாரியம், 2021இலே பெயர் மட்டும் மாறியது; நகரமைப்பு என்றால் வேறொரு குழுமம். மாமன்றத்துக்கு மிச்சம் குப்பையும் விளக்கும் பூங்காவும் சாலையிற் பாதியும். 2022 மார்ச்சிலே உறுப்பினர்கள் பதவியேற்றார்கள். ஒரு திங்கள் முடிவதற்குள் சொத்துவரி உயர்வு, நூற்றுக்கு 25 முதல் 150 வரை, கோட்டையிலே முடிவாகி வந்தது. பின்னர் மன்றங்கள் அதைத் தீர்மானமாக்கின. விதிப்பவன் ஒருவன், கையெழுத்திடுபவன் ஒருவன், கட்டுபவன் மற்றொருவன்! மாநில சுயாட்சி கேட்கும் நாம் தில்லியைப் பார்த்து என்ன சொல்கிறோம்? 'வரியை நீ எடுத்துக்கொண்டு பொறுப்பை எங்களிடம் தள்ளாதே' என்கிறோம். அதையே ஈரோடும் திருச்சியும் தூத்துக்குடியும் கோட்டையைப் பார்த்துக் கூறினால் மட்டும் நமக்குக் கசப்பதேன்?

கையை விரிக்கும் உறுப்பினரை அத்துடன் விட்டுவிடவும் முடியாது. அதிகாரம் இல்லை என்பவர் வாசலிலே ஏன் அத்தனை கூட்டம்? வீடு கட்டக் கடைக்கால் தோண்டினால் மோப்பம் பிடித்து வருபவர் யார்? குழாய்க்குப் பள்ளம் வெட்டினால் 'பார்த்துச் செய்யுங்கள்' என்று ஆளனுப்புபவர் யார்? அனைவரும் அப்படியல்லர், அப்படிப்பட்டவர் இல்லாத ஊரும் இல்லை. மக்கள் முன்னே பேசும் அதிகாரம் வேண்டாம், மறைவிலே வாங்கும் அதிகாரம் போதும் என்று அமைதி கொண்டவர்கள் அவர்கள்.

பெண்களுக்குச் சரிபாதி இடம் என்று 2016இலே சட்டம் வந்தது. 2022 தேர்தலிலே 21 மாநகராட்சிகளுள் 11இன் மேயர் பதவி பெண்களுக்கென ஒதுக்கப்பட்டது. பெண்ணடிமை ஒழிய வேண்டும் என்று முழங்கிய மண்ணிலே இது நடந்தது பொருத்தமே. வார்டுக்குள்ளே சென்று பாருங்கள். சுவரொட்டியிலே மனைவியின் படம். பக்கத்திலே பெரிதாய்க் கணவரின் படம். தொலைபேசியை எடுப்பவர் கணவர். ஒப்பந்தக்காரரோடு பேசுபவர் கணவர். 'கவுன்சிலர் வீட்டுக்காரர்' என்று ஒரு புதுப் பதவியே பிறந்துவிட்டது. அரசியல் சட்டத்தின் எந்தப் பிரிவிலே அது வருகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறோம்! துணிந்து எழுந்து மன்றத்திலே வாதாடும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்கள் பேச எழுந்தால் 'அம்மா, உட்காருங்கள், அண்ணன் பேசிக்கொள்வார்' என்னும் குரலும் இருக்கிறது. அந்தக் குரலுக்கு உரியவர்களிலே கறுப்புச் சட்டை அணிந்தவர்களும் உண்டு என்றறிந்து வெட்கப்படுகிறோம்.

குடிமக்கள் பேச வேண்டும் என்கிறோம். பேசுகிறவர்களும் சிலர் இருக்கிறார்கள். என்ன பேசுகிறார்கள்? அடுக்குமாடிக் குடியிருப்போரின் நலச் சங்கங்கள் சிலவற்றின் மனுக்களைப் பாருங்கள். 'எங்கள் வீதி முனையிலே மீன் விற்கும் பெண்ணை அகற்றுங்கள்.' 'கால்வாய்க் கரையிலே இருக்கும் குடிசைகளால் எங்கள் பகுதியின் அழகு கெடுகிறது.' 'துப்புரவு வண்டியை எங்கள் வாயிலருகே நிறுத்தாதீர்கள்.' நலச் சங்கமாம்! யாருடைய நலம்? அக்ரகாரத்தின் ஓரத்திலே நின்ற பழைய தடைக்கல்லுக்கு ஆங்கிலத்திலே முத்திரை குத்தினால் அது நலச் சங்கத்தின் தீர்மானமாகிவிடும் போலும். நடைபாதை வணிகருக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நகர விற்பனைக் குழுவிலே நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத இடம் வணிகர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளுக்கு, அதிலே மூன்றிலொரு பங்கு பெண்களுக்கு என்று அது கூறுகிறது. மீன் விற்கும் பெண்ணை 'அகற்ற' மனு எழுதுபவருக்கு அவளும் அக்குழுவிலே அமர உரியவள் என்பது தெரியுமா? தெரிந்தால் அந்தச் சட்டத்தையும் அகற்றச் சொல்லி இன்னொரு மனு எழுதுவார்!

அதே வீதி முனையிலே, அரச மரத்தடியிலே, முதலில் ஒரு கல் இருந்தது. கல்லுக்கு மஞ்சள் பூசினார்கள். மேடை வந்தது, தகரக் கூரை வந்தது, இரும்புக் கதவு வந்தது, ஒலிபெருக்கி வந்தது, உண்டியல் வந்தது. நடைபாதை போயிற்று. நடப்பவன் சாலையிலே இறங்கிப் பேருந்துக்கு விலகி நடக்கிறான். இதைப் பற்றி நலச் சங்கம் ஒரு வரி எழுதியதா? பொதுச் சாலையிலே, பொது இடத்திலே கோயிலோ மசூதியோ மாதாகோயிலோ குருத்வாராவோ அனுமதியின்றிக் கட்ட விடலாகாது என்று 2009 செப்டம்பரிலேயே உச்சநீதிமன்றம் இடைக்கால ஆணையிட்டது. நாத்திகர் இட்ட ஆணை அன்று அது!

இந்த நடைபாதையை மனத்திலே வைத்துக்கொண்டு, ரிப்பன் மாளிகையின் நடைபாதைக்கு வாருங்கள். 2025 ஆகஸ்ட் முதல் நாள். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுத் தொழிலாளர்கள் அங்கே வந்து அமர்ந்தார்கள். தங்கள் மண்டலங்களின் பணியைத் தனியாரிடம் ஒப்படைக்க வேண்டாம், பணியை நிலையாக்குங்கள் என்பது அவர்கள் வேண்டுகோள். பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். கொரோனாக் காலத்திலே கதவைச் சாத்திக்கொண்டு நகரம் உள்ளே இருந்தபோது வெளியே இருந்தவர்கள். வெயிலிலும் மழையிலும் பதின்மூன்று நாள் அமர்ந்திருந்தார்கள். நடைபாதையை மறித்தார்கள் என்று வழக்கு வந்தது. உயர்நீதிமன்றத்தின் ஆணை வந்தது. ஆகஸ்ட் 13 நள்ளிரவிலே காவல்துறை வந்து அவர்களைத் தூக்கி ஊர்திகளிலே ஏற்றிற்று.

கல் உட்கார்ந்தால் முப்பது ஆண்டு நடைபாதை அதற்குச் சொந்தம். குப்பை அள்ளுபவள் உட்கார்ந்தால் பதின்மூன்று நாள் நெஞ்சு பொறுக்கவில்லை.

அவர்களுடைய கோரிக்கை முழுதும் ஏற்கத்தக்கதா, நிதி இடங்கொடுக்குமா என்று வாதாட ஒருவருக்கு உரிமையுண்டு. அந்த வாதம் எங்கே நடந்திருக்க வேண்டும்? மாளிகைக்குள்ளே, மன்றத்திலே, தனியாரிடம் தர முடிவு செய்யும் முன்னே! இரு மண்டலங்களின் வீதிகளைத் துப்புரவு செய்பவர் யார், எந்தக் கூலிக்கு, யாருக்குக் கீழே என்பதை முடிவு செய்யும் தீர்மானம் அந்த வீதிகளிலே வாழும் மக்கள் முன்னே வைக்கப்பட்டதா? பகுதி சபைகளைக் கூட்டி, ஒரு பக்கம் தொழிலாளியையும் மறு பக்கம் குடியிருப்பவனையும் அமர்த்திக் கேட்டிருந்தால், குடியிருப்பவன் முதன்முறையாகத் தன் வாசலைப் பெருக்குபவளின் பெயரை அறிந்திருப்பான். அப்படி அறிவதற்கு அஞ்சுகிறது சாதி. ஆகவே தீர்மானங்கள் கட்டுக் கட்டாய் வருகின்றன, எண்களைப் படிக்கிறார்கள், 'ஏற்கப்பட்டது, ஏற்கப்பட்டது' என்று ஒரே மூச்சிலே போகிறது. புரியாத மொழியிலே ஓதும் மந்திரத்துக்குத் தலையாட்டும் கூட்டத்தை நாம் கேலி செய்வதுண்டு. இது மட்டும் என்ன?

வடசென்னையின் கொடுங்கையூர்க்காரனையும் கேட்டுப் பாருங்கள். பல்லாண்டுகளாக நகரத்தின் குப்பை அவன் வாசலிலே மலையாகிறது. அங்கே குப்பையை எரிக்கும் ஆலை வரும் என்றபோது 2025இலே மக்கள் கைகோத்து நின்று எதிர்த்தார்கள். தெற்கே பெருங்குடிச் சதுப்பு நிலத்தின் கதையும் வேறல்ல. குப்பை எங்கே பிறக்கிறது, எங்கே போய்ச் சேர்கிறது என்று ஒரு படம் வரைந்தால், நகரத்தின் வருணாசிரமம் அதிலே தெரியும்.

ஆகவே படிப்பகத் தோழர்களுக்கு இந்த வாரத்து வேலை ஒன்று கூறுகிறோம். 2022ஆம் ஆண்டு விதிகளின் படி ஒன்றை வாங்கி மேசைமேல் வையுங்கள். உங்கள் பகுதியின் பிரதிநிதி என்று யார் நியமிக்கப்பட்டிருக்கிறார் என்று விசாரியுங்கள். பல ஊர்களிலே அவருக்கே அது தெரியாது. சபை கடைசியாகக் கூடிய நாள் எது, எங்கே கூடியது, என்ன எழுதினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 2005இலே இந்தியாவுக்கு வந்த அந்த உரிமைக்கு 1997இலேயே சட்டம் செய்த மாநிலம் நம்முடையது. சபை கூடினால் முன்வரிசையிலே உங்கள் தெருவின் பெண்களை அமர வையுங்கள். சேரிக்காரனுக்குப் பின்னால் நின்று அவன் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கிடாமல் பார்த்துக் கொள்ளுங்கள். தலைவர் வரத் தாமதம் என்றால் பாட்டுப் போடுவார்கள். பாட்டை நிறுத்தச் சொல்லிக் கணக்கைப் படிக்கச் சொல்லுங்கள். கூச்சலிட வேண்டாம், நாற்காலியை வீச வேண்டாம். பொன்னாடை போர்த்தவும் வேண்டாம்.

தாழ்வாரத்து முதியவரை மறக்கவில்லை. அவருடைய தாளைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினோம். தெருவின் பெயர், வார்டு எண், சாக்கடை அடைத்த நாள், அவர் இதுவரை வந்து போன நாட்கள், இவ்வாண்டு கட்டிய வரியின் இரசீது எண். 'எந்த நாளுக்குள் சரி செய்யப்படும், அதற்குப் பொறுப்பான அலுவலர் யார் என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கவும்' என்று முடித்தோம். திருவடி இல்லை, அடியேன் இல்லை. உரக்கப் படித்துக் காட்டினோம். கூர்ந்து கேட்டார். இரசீது எண்ணை மீண்டும் ஒருமுறை படிக்கச் சொன்னார். பிறகு கக்கத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்து, தணிந்த குரலிலே கேட்டார்:

"எல்லாம் சரிதான் தம்பி. இப்படி எழுதினா அவங்க கோவிச்சுக்க மாட்டாங்களா?"